செவிலிமேட்டுப் படகுக்கு நான் போட்ட பட்டை

கரண்டு வேலை பார்க்கிறவனுக்குப் பேய் பயம் இருக்கக் கூடாது. இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் ஒரே சாயங்காலத்தில், அதுவும் சொந்த அக்கா கண்ணெதிரே மீறியவன் நான். எங்கே என்று கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். கடல் வாடையே அடிக்காத காஞ்சிபுரத்தில், ஒரு பாய்மரப் படகுக்குள்.

பேருந்து நிலையம் பக்கத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறேன். ஊரில் கரண்டு போனால் ஜனங்கள் குலதெய்வத்துக்கு முன்னால் என்னைத்தான் நினைப்பார்கள் (திட்டுவதற்குத்தான், அது வேறு விஷயம்). இது நடந்தபோது எனக்கு முப்பது வயது இருக்கும். கடைக்கு மாட்டிய போர்டில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஆனால் உலகத்தில் ஓடுகிற மின்சாரம் மொத்தமும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஓடுகிறது என்று ஒரு நினைப்பு இருந்தது.

என் அக்கா மல்லிகாவின் வீட்டுக்காரர் சேகர் மாமா, சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தார். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். கல்யாணம் ஆனதிலிருந்து இதே பிழைப்பு. அவர்களுடைய ஒரே பெண்ணும் படிப்பதற்குச் சென்னை ஹாஸ்டலுக்குப் போய்விட, அக்கா அந்த வீட்டில் ஒண்டிக்கட்டை ஆனாள். மாமாவுக்கு இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு முறை லீவில் வந்தவர், கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மற்ற வீட்டு மாமாக்கள் எல்லாம் சென்ட் பாட்டில் வாங்கி வருவார்கள்.

"இனிமே கப்பலே வேணாம் மல்லி. நாம ரெண்டு பேரும் இதுலயே இருந்துக்கலாம். புதுச்சேரிப் பக்கம் கழிமுகத்துல கட்டிட்டு, வர்றவங்கள ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போய் வந்தா சோத்துக்கு ஆச்சு" என்றார்.

அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படகின் அடியில் விரிசல் இருந்ததால், அதை லாரியில் ஏற்றி, காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டுக்குக் கொண்டுவந்தோம். அங்கே தண்ணீர்த் தொட்டி செய்கிற ஃபைபர் பட்டறை வைத்திருந்தவர் பஷீர் பாய். மாமாவின் பள்ளிக்கூடத்து சிநேகிதர். அவருடைய பட்டறையை ஒட்டிய காலி மனையில், பாலாற்றைப் பார்த்த மாதிரி, இரும்பு முட்டு கொடுத்துப் படகை நிறுத்தினோம். பாலாற்றில் மணல்தான் இருந்தது. அந்தப் பக்கம் போன ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "இன்னாபா, ஆத்துல தண்ணி உடப்போறாங்களா? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஃபேனு வேணும், ஃபிரிட்ஜு வேணும், மிக்சி வேணும். வீட்டுல இருக்குற மாரியே கரண்டு இருந்தா வரேன். இல்லன்னா என்னைக் கூப்புடாதீங்க. தண்ணி மேல குந்திக்கினு அம்மியில அரைக்க என்னால ஆவாது."

அதே நேரத்தில் கப்பல் கம்பெனியிலிருந்து மாமாவுக்கு போன் வந்தது. அடுத்த பயணத்துக்கு வருகிறாரா இல்லையா, திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா படகில் ஏறிப் பார்ப்பது என்று முடிவானது. அவளுக்குப் பிடித்தால் இருவரும் சேர்ந்து இருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் படகை விற்றுவிட்டு மாமா மறுபடியும் கடலுக்குப் போய்விடுவார், அக்கா மறுபடியும் தனியாக. "எல்லாம் உன் கையிலதான்டா இருக்குது குமாரு" என்று மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கையைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது.

சாமான் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் தலைமேல் போட்டுக்கொண்டேன். வீடுகளுக்குப் போடுகிற பெரிய ஆசிட் பேட்டரி இரண்டு போடலாம் என்றேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டேய், காத்து புடிச்சா படகு ஒரு பக்கமா சாஞ்சிக்கினுதான்டா ஓடும். உன் ஆசிடு மொத்தமும் உங்க அக்கா படுக்கையில வந்து ஊத்தும்."

சரி என்று லித்தியம் பேட்டரிக்கு மாறினோம். கனமும் குறைவு, கவிழ்த்தாலும் கொட்டாது. ஃபேனும் ஃபிரிட்ஜும் நேராகப் பேட்டரியிலேயே ஓடுகிற சின்ன ரகம். பின்பக்கக் கூரைமேல் இரண்டு சோலார் பலகை. வெயில் இல்லாத நாளுக்கு ஒரு கம்பத்தின் மேல் காற்றாடி. மிச்சம் மிக்சிதான். அது ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற இழுப்பைத் தாங்க, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுவதைவிடப் பெரிய இன்வெர்ட்டர் தேவைப்பட்டது. "ஒரு மிக்சிக்கு இம்மாம் பெரிய பொட்டியா?" என்றார் மாமா. "மிக்சிக்கு இல்ல மாமா, அக்காவுக்கு" என்றேன். மாமா பர்ஸை எடுத்தார். நான் அன்றைக்குச் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான்.

கடைசியாக சுவிட்ச். மாமா டக் டக் என்று மேலும் கீழும் தட்டுகிற சாதா சுவிட்ச் போதும் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியில் எட்டு வட்டம் ஒளிர்கிற தொடு பேனலை வாங்கினேன். விரல் பட்டால் போதும், லைட், ஃபேன், பம்பு, ரேடியோ, ஹாரன் எல்லாம் அதிலேயே. "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று விற்றவர் சத்தியம் செய்தார். நானும் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். மாமா முணுமுணுத்துக்கொண்டே பேட்டரிக்கும் பேனலுக்கும் நடுவே தன் பாட்டுக்கு ஏதோ ஒரு தனி ஒயர் இழுத்தார். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. மேதாவிக்கு எதற்கு அதெல்லாம்!

காற்றாடியை மாட்டிய அன்றைக்கே ஆற்றுப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. காற்றாடி சுற்றச் சுற்ற, காய்ச்சல்காரன் முனகுவதுபோல ஒரு சத்தம் கம்பம் வழியாக இறங்கிப் படகு முழுக்கப் பரவியது. பக்கத்துத் தெரு நாய்கள் நான்கைந்து வந்து படகைச் சுற்றி உட்கார்ந்தன. குரைக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தன. எழுந்து போகவும் இல்லை. இரண்டு நாளில் செவிலிமேட்டில் கதை கிளம்பிவிட்டது. மணல் அள்ளும்போது ஆற்றுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்த கப்பலாம். அதில் இருந்தவர்கள் இன்னும் இறங்கவில்லையாம்.

நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, இருட்டுவதற்கு முன்னால் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன் (கடையில் வேலை இருக்கும் அல்லவா, அதற்காக).

அந்த ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அதனால் நெசவு வேலை செய்கிற மாமாவின் அக்கா, கனகாக்காவும் வருவதாகச் சொல்லிவிட்டார். செத்துப்போன அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டு, மிச்ச வடையை டப்பாவில் போட்டுக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகன் கடலுக்குப் போனது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. "தறிக்குழியில குந்துறவனுக்குத் தண்ணியில இன்னாடா வேல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். அவர் இறந்தபோது மாமா நடுக்கடலில் இருந்தார். வர முடியவில்லை. மாமா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மத்தியானமே நான் போய்ப் பூசை போட்டேன். எங்கள் ஊரில் பூசை போடாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட வேலைக்கு எடுக்க மாட்டோம். பேட்டரிக்கு ஒரு பட்டை, இன்வெர்ட்டருக்கு ஒரு பட்டை, ஃபிரிட்ஜுக்குச் சந்தனம் குங்குமம். பேனலுக்கு வந்தேன். அகலமான, வழுவழுப்பான கறுப்புக் கண்ணாடி. இப்படி ஒரு நெற்றி எந்த இன்வெர்ட்டருக்கும் கிடையாது. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று கோடு இழுத்தேன். அப்போது பேனலுக்கு இன்னும் கரண்டு கொடுக்கவில்லை என்பதால் அது ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்ததும் பட்டை பளிச்சென்று வெள்ளையாக நின்றது. சாட்சாத் சிவனே சுவிட்ச் போர்டாக வந்து உட்கார்ந்த மாதிரி எனக்குப் புல்லரித்தது.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் தூறல் ஆரம்பித்தது. ஏணி வைத்து ஒவ்வொருவராக ஏறினோம். அக்கா, மாமா, கனகாக்கா, ஒட்டு வேலை நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க பஷீர் பாய், அப்புறம் நான். மழை உள்ளே அடிக்காமல் மேல்கதவைச் சாத்தினேன். லைட் போட்டேன், எரிந்தது. ஃபேன் போட்டேன், சுற்றியது. அக்கா தேங்காய், பச்சை மிளகாயை ஜாரில் போட்டு மிக்சியைத் திருகினாள். மிக்சி வீட்டில் கத்துவதைவிடக் கம்பீரமாகக் கத்தியது. அக்கா சட்னியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்லடா குமாரு. நைசாதான் அரைக்குது."

மாமா என்னைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சின்ன அடுப்பில் டீ கொதித்தது. ஆவி போக வழியில்லாமல் சுவரெல்லாம் வேர்த்தது. நான் வெற்றிக் களிப்பில் மூன்றாவது வடையை எடுத்தேன்.

லைட் அணைந்தது.

"லூஸ் கனெக்ஷன்தான்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, லைட் தானாக எரிந்தது. மறுபடியும் அணைந்தது. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. பாய்மரத்தின் உச்சியிலிருந்த விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அதை யாரும் போடவில்லை.

அப்போதுதான் காலுக்கு அடியில், தரைப் பலகைக்குக் கீழே, அந்தச் சத்தம் கேட்டது.

க்ஹ்ர்ர். க்ஹ்ர்ர். கொஞ்சம் நின்றது. மறுபடி ஒரே ஒரு க்ஹ்ர்ர்.

உள்ளே வருகிற தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற பம்பு அது. ஆனால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. படகு நிற்பதே மணல்மேல். கனகாக்கா கையிலிருந்த வடையை டப்பாவில் திரும்ப வைத்தார்.

"சேகரு, அப்பா இருமுற மாரியே இருக்குதுடா" என்றார் மெதுவாக.

மாமா குனிந்து தரைப் பலகைமேல் காதை வைத்தார். இரண்டு இருமல், ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு இருமல். அந்தப் பெரியவர் தறியில் உட்கார்ந்து அப்படித்தான் இருமுவார். நானே கேட்டிருக்கிறேன். அந்த இருட்டில் எங்களுக்குக் கீழே அது மறுபடியும் வந்தது. பிறகு மூலையிலிருந்த ரேடியோ உயிர் பெற்று, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல ஸ்ஸ்ஸ் என்று இரைந்தது.

கனகாக்கா இரண்டு கையையும் கூப்பினார்.

"அப்பா, இன்னாப்பா வேணும்? வடையில உப்பு கம்மியாயிடுச்சாப்பா?"

பூஉஉம் என்று ஹாரன் பதில் சொன்னது.

முட்டி வலி என்று வருடக்கணக்காக வாசற்படியையே யோசித்து ஏறுகிற கனகாக்கா, அந்த ஏணியில் இறங்கிய வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவருக்குப் பின்னாலேயே பஷீர் பாய். கதவருகில் ஒரு நொடி நின்று, "தம்பி, நான் ஒட்டினது ஃபைபர் மட்டும்தான்பா. உள்ள இருக்கிறவங்களுக்கு நான் ஜவாப்தாரி இல்ல" என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

நான் கடை வைத்திருக்கிறவன் ஆயிற்றே. பேட்டரியின் மெயின் சுவிட்சைத் திருகி அணைத்தேன். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

க்ஹ்ர்ர். க்ஹ்ர்ர்.

"மாமா, மெயின் ஆஃப்ல இருக்குது மாமா" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. நான் படித்தது, தொழில் செய்தது, வாரண்டி கொடுத்தது எல்லாம் அந்த நொடியில் பொய்யாகிப் போனது. கரண்டே இல்லாமல் ஒன்று ஓடுகிறது என்றால் அதை ஓட்டுவது யார்?

அதற்கு அப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மணலில் உட்கார்ந்திருந்தேன். ஏணி எங்களுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு நான்தான் இறங்கியிருக்கிறேன் (குதித்தோம் என்பார் மாமா).

"மல்லி மேல இருக்குதுடா! உடுடா என்னை!" என்று மாமா திமிறினார்.

மேலேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "டேய் குமாரு! இங்க வாடா!"

"போவாத மாமா! அக்கா மாரியே கூப்புடும். நம்பாத மாமா!" என்று நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்கு முன்னால் படகு, உச்சி விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு, இருமி, ஊதி, முனகிக்கொண்டு நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அது மெதுவாக நகர்கிற மாதிரியே எனக்குத் தெரிந்தது.

திடீரென்று எல்லாம் அடங்கியது. விளக்கு இல்லை, இருமல் இல்லை. நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து உடம்பை உதறிவிட்டுப் போயின. மேல்கதவு வழியாக, கையில் செல்போன் வெளிச்சத்தோடு அக்காவின் தலை தெரிந்தது.

"எவன்டா அந்தக் கண்ணாடிக்குப் பட்டை போட்டது? ஈரமா பிசுபிசுன்னு இருந்துது. முந்தானையால தொடச்சேன், எல்லாம் அடங்கிப் போச்சு."

திருநீறு ஈரத்தை இழுக்கும். டீ ஆவியும் ஐந்து பேர் மூச்சும் சேர்ந்து, காய்ந்த பட்டையை மறுபடியும் குழைத்துவிட்டிருந்தன. அந்தப் பேனலைப் பொறுத்தவரை, மூன்று தடித்த விரல்கள் அதை விடாமல் தடவிக்கொண்டே இருந்தன. மெயினை அணைத்தும் ஏன் நிற்கவில்லை என்றால், மாமா இழுத்த அந்தத் தனி ஒயர்தான் காரணம். "பம்பு, உச்சி லைட்டு, ரேடியோ, ஹாரன், இதெல்லாம் மெயின் ஆஃப் ஆனாலும் சாவக் கூடாதுடா. நாம தூங்கும்போது தண்ணி உள்ள வந்தா இன்னா பண்ணுவ?" என்றார் மாமா, மண்ணைத் தட்டிக்கொண்டே. என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அவர் அண்ணாந்து அக்காவைப் பார்த்தார். மழை அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"பயந்துட்டியா மல்லி? வேணாம்னா வேணாம். நாளைக்குக் கம்பெனிக்கு வரேன்னு சொல்லிடறேன்."

அக்கா படகின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீங்க கப்பல்ல இருக்கும்போது நம்ம வீட்டுல எத்தினி சத்தம் கேக்கும் தெரியுமா? கொல்லக்கதவு தானா தொறந்துக்கும். மாடியில யாரோ நடக்குற மாரி இருக்கும். யாரை எழுப்புவேன்? நானே எழுந்து போயி பாப்பேன். ஒரு நாளு பூனையா இருக்கும், ஒரு நாளு காத்தா இருக்கும். ஒரு தபா ஒண்ணுமே இல்ல, ஆனா சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருந்துது. விடியிற வரைக்கும் குந்திக்கினு இருந்தேன். இன்னிக்குச் சத்தம் கேட்டப்ப பக்கத்துல நாலு பேரு இருந்தீங்க. அதுவே எனக்குப் பெரிசா இருந்துது." முந்தானையை உதறினாள். "அப்புறம் நாலு பேரும் ஓடிட்டீங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தேன்.

"கம்பெனிக்கு வரலன்னு சொல்லிடுங்க. மொதல்ல ஏணியை எடுத்து வைங்க, நான் எறங்கணும்" என்றாள் அக்கா.

இப்போது அவர்கள் புதுச்சேரிப் பக்கம் அந்தப் படகிலேயே இருக்கிறார்கள். என் கண்ணாடிப் பேனலைக் கழற்றிவிட்டு மாமா டக் டக் சுவிட்ச் போட்டுக்கொண்டார். கழற்றியதை எனக்கே பரிசாகக் கொடுத்தார், கடையில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். எந்தக் கல்யாண வீட்டில் கரண்டு போனாலும் கனகாக்கா சபையில் உரக்கக் கேட்பார், "யாருப்பா அது, குமாரு பட்டை போட்டுட்டானா? மல்லிகாவைக் கூப்புடு, வந்து தொடைக்கட்டும்." என் கல்யாணத்திலும் கேட்டார். அன்றைக்கு ஜெனரேட்டருக்கு உண்மையிலேயே நான்தான் பட்டை போட்டிருந்தேன்.

போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனேன். மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் படுத்திருந்தோம். படகு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தரைக்கு அடியில் பம்பு தானாக ஓடியது. இரண்டு இருமல், ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு இருமல். தண்ணீர் இல்லாமல் ஓடியதால்தான் அன்றைக்கு அப்படிச் சத்தம் வந்தது என்று மாமா சொல்லியிருந்தார். இப்போதோ உள்ளே கசிந்து வந்த தண்ணீரைத்தான் அது இறைத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் அதே இருமல். நான் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன்.

மாமா தூக்கக் கலக்கத்தில் கேட்டார். "மல்லி, இன்னா சத்தம்?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி அவர் தோளில் தட்டினாள்.

"உங்க அப்பாதான். தூங்குங்க."